படிக்கிற மனசு – 9: இல்லாத கோபுரம்

சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படித்தவர்களிடம் ஒரு கேள்வி. ரங்கு கடையில் பையன்கள் கூடி அரட்டை அடிக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் என்ன தெரிகிறது?

திருச்சி கே.கே. நகரில் நான் கேட்டவர்களில் பலர் யோசிக்கவே இல்லை. "ராஜகோபுரம்தான் சார், வேற என்ன?" பதின்மூன்று நிலை, 236 அடி, தெரியாமல் போகுமா?

தெரியாது. 1935இல் பிறந்த சுஜாதா பாட்டி வீட்டில் வளர்ந்த ஸ்ரீரங்கம் அந்தக் கதைகளில் இருப்பது. அன்று அந்த இடத்தில் நின்றது விஜயநகரக் காலத்தோடு வேலை நின்றுபோன அடித்தளம் மட்டும். மொட்டைக் கோபுரம் என்பார்கள். அகோபில மடத்து 44ஆம் ஜீயரின் முயற்சியில் அது மேலே எழும்பி, கும்பாபிஷேகம் கண்டது 1987 மார்ச்சில். கதையில் கோபுரத்தைக் கட்டியவர்கள் நாம்.

இதில் தப்பே இல்லை. படிக்கும்போது மனசு தன்னிடம் இருக்கும் சரக்கைத்தான் எடுத்து வைக்கும். அகலத் தெருவும் காம்பவுண்டு சுவருமாக கே.கே. நகரில் வளர்ந்த பிள்ளைக்குத் திண்ணை என்றால் ஏதோ சினிமாவில் பார்த்த திண்ணை. சித்திரை வீதி என்றால், தேர் அன்று அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த வீதி. சரக்கு இல்லாத இடத்தை ஓவியர் நிரப்புவார். சுஜாதாவின் வசந்துக்கு முகம் கொடுத்தது ஜெயராஜ், 'பொன்னியின் செல்வன்' வந்தியத்தேவனுக்கு மணியம். 2022இல் அது சினிமாவாக வந்த பிறகு படிக்கிறவர்களுக்கு வந்தியத்தேவன் கார்த்திதான். மணியத்தின் கட்சிக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு, எனக்கும்தான்.

ஆனால் மனசில் படமே ஓடாதவர்களும் இருக்கிறார்கள். 1880இல் பிரான்சிஸ் கால்டன், 'இன்று காலை சாப்பிட்ட மேசையை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது?' என்று பலரைக் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்று சிலர் சொன்னார்கள். பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள் 21 பேரைப் பற்றி எழுதி, அந்த நிலைக்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தவர் ஆடம் ஸீமன், 2015இல். அவர்களில் பெரும்பாலோருக்குக் கனவில் மட்டும் படம் வருகிறது என்பது வேடிக்கை.

2021இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இருட்டறையில் உட்காரவைத்து, திரையில் வரிவரியாகப் பயங்கரக் கதைகளைப் படிக்கவிட்டார்கள்: கடலில் சுறா வருகிறது, விமானம் விழப்போகிறது. பயத்தில் தோல் லேசாக வியர்க்கிறதா என்று கருவி அளந்தது. மனதில் படம் ஓடுபவர்களுக்கு அளவு ஏறிக்கொண்டே போனது; ஓடாதவர்களுக்கு அநேகமாக அசையவே இல்லை. பயமுறுத்தும் படங்களை நேரில் காட்டியபோது மட்டும் இரு தரப்பும் ஒரே மாதிரி மிரண்டார்கள்.

அதனால் படம் ஓடாதவர்களுக்கு வாசிப்பு ருசிக்காது என்று முடிவு கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அந்த ரகம். கண்ணை மூடினால் வெறும் இருட்டுதான் என்பார். அலமாரி நிறைய நாவல்கள்.

"அப்புறம் எப்படி சார் இவ்வளவு படிக்கிறீங்க?"

"வர்ணனை வந்தா தாண்டிடுவேன், பேச்சு வந்தா நின்னுடுவேன். சுஜாதாகிட்ட எனக்குத் தாண்டற வேலையே கம்மி."