இடுப்பையும் செலவுக் கணக்கில் எழுதுவோம்

இயற்கை விவசாயம் செய்கிற நாம் கூடினால் முதலில் பேசுவது செலவுக் கணக்குதான். விதை சொந்த விதை, எரு சொந்த மாட்டு எரு, பூச்சிமருந்துக்கு ஒரு ரூபாய் கூட இல்லை என்று விரல் விட்டு எண்ணுவோம். களைக்கொல்லி அடிப்பதில்லை என்பதும் நம் பெருமைகளில் ஒன்று. சரி, அந்தக் களை எப்படிப் போகிறது? யாரோ குனிந்து எடுக்கிறார்கள். ஒரு போகத்துக்கு ரெண்டு களை என்றால் ரெண்டு முறையும் நாள் முழுக்கக் குனிந்து எடுக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய இடுப்பு நம் கணக்கு நோட்டில் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

எனக்குக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் மூன்று ஏக்கர் கழனி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று தண்ணீரைப் பார்த்துப் பயிர் வைக்கிறோம். எங்கள் பக்கம் இடுப்பு நோவு இல்லாத வீடே கிடையாது. "குனிஞ்சா நிமிர முடியல, நிமிந்தா குனிய முடியல" என்று நடவாளுங்க சொல்லாத நாள் இல்லை. சிப்காட் கம்பெனிகளுக்குப் போகிற பிள்ளைகளும் சிமெண்ட் தரையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து இதையேதான் சொல்றாங்க. பல வீடுகளில் ரெண்டு வேலையும் ஒரே ஆள் மேல்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, மோட்டார் போட்டு, மடை திருப்பி, வரப்பு வெட்டிவிட்டுத்தான் படுக்கிறார்கள்.

இந்த நோவு ஒருத்தருக்குப் பத்து நாளில் போகிறது, இன்னொருத்தருக்கு வருஷக்கணக்கில் நிற்கிறது. அது ஏன்? அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எது நோவை நிலைக்க வைக்கிறது?

2020ல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள் என்றும், 2050ல் அது 84.3 கோடி ஆகலாம் என்றும் 2023ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வேலையின் தன்மை, புகை, அதிக உடல் எடை ஆகிய மூன்றும் இந்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காரணம் என்று அதே ஆய்வு சொல்கிறது. பெரும்பாலானவர்களுக்கு, 'இந்த எலும்பு, இந்த நரம்பு' என்று சுட்டிக்காட்டக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. புதிதாக வந்த வலி பொதுவாகச் சில வாரங்களில் குறையும். மூன்று மாதத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள்.

ஏற்கெனவே ஒரு தடவை பிடித்த இடுப்பு மறுபடி பிடிக்க வாய்ப்பு அதிகம். அதனால் முதல் நோவு வந்தவரிடம் அடுத்த வாரமே மூட்டை தூக்கச் சொல்லக் கூடாது.

அடுத்தது குனிவும் பாரமும். குனிவதைவிட, குனிந்தபடியே உடம்பைத் திருப்பித் தூக்குவது இன்னும் மோசம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எல்லா வசதியும் சரியாக இருக்கும்போது கூட ஒருவர் தூக்க உகந்த எடை 23 கிலோ என்று வைத்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ல் செய்த பரிந்துரையில் ஆண்களுக்கு மேல்வரம்பு 55 கிலோ. நம் களத்தில் நெல் மூட்டை 75 கிலோ! மாட்டு எருக் கூடையை யாரும் எடை போட்டுப் பார்ப்பதே இல்லை.

டிராக்டர், லாரி ஓட்டுகிறவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே அதிர்வு முதுகில் ஏறிக்கொண்டே இருக்கும். சீட்டின் ஸ்பிரிங் போயிருந்தால் அதை மாற்றுவதும் வைத்தியம்தான்.

பீடி, சிகரெட் நுரையீரலைக் கெடுப்பது தெரியும். புகை பிடிப்பவர்களுக்கு முதுகு வலி நிலைத்துப் போகிற வாய்ப்பும் கூடுதல்.

பலர் கவனிக்காதது தூக்கமும் மனசும். தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். ஷிஃப்ட் மாறி மாறிப் போய்விட்டுக் கழனியையும் பார்க்கிறவருக்கு இந்தச் சுழல் நன்றாகத் தெரியும். கடன் கவலை, மனச்சோர்வு, பிடிக்காத வேலை இவையும் வலியை நீட்டிக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பும் மனசும் ஒரே வரப்பில் நடக்கின்றன, அவ்வளவுதான்.

கடைசியாக, பயம். "டிஸ்க் தேஞ்சிடுச்சாம், இனிமே குனியவே கூடாதாம்" என்று கேட்டுப் படுத்தவர்கள் இன்னும் விறைத்துப் போகிறார்கள். 2015ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது. தலை நரைப்பது போல அதுவும் வயசின் அடையாளம். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து வாழ்க்கை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, தொடையிடுக்கில் மரத்துப் போவது, கால் பலம் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரியில் ஓயாத வலி, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலி இவற்றையும் தள்ளிப் போடக் கூடாது. காசநோய் முதுகெலும்பிலும் வரும். நம் நாட்டில் அதை மறக்கவே முடியாது.

மற்றபடி, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தந்த வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்கு நடமாட்டமும் உடற்பயிற்சியும் நோயைப் பற்றிய தெளிவும் வேண்டும் என்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. வலி மாத்திரையை நாமே வாங்கி மாதக்கணக்கில் போட்டால், அதுவும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற உடம்பில், சிறுநீரகமும் வயிறும் கெடும்.

குட்டைப் பிடி களைக்கொத்து

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பண்ணைக் கூலிகளுக்குக் குட்டைக் கைப்பிடி வைத்த களைக்கொத்தைத்தான் கொடுத்தார்கள். நீளப் பிடி கொடுத்தால் பயிர் கெட்டுவிடும் என்பது முதலாளிகள் சொன்ன காரணம். கூலிகளின் முதுகு உடைந்தது. சங்கமும் வழக்கறிஞர்களும் போராடி, 1975ல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. நீளப் பிடியில் வேலை செய்து பார்த்தார்கள், பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2004ல் கையால் களை பறிப்பதற்கும் அங்கே கட்டுப்பாடு வந்தது. ஆனால் இயற்கைப் பண்ணைகளுக்கு அதில் விலக்குக் கொடுத்தார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை என்று! படித்தபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மண்ணுக்கு விஷம் வேண்டாம் என்கிற நாம், மனுஷ முதுகுக்கு மட்டும் விலக்குக் கேட்கலாமா?

நம் கழனியில் செய்யக்கூடியவை

நெல்லுக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு போட்டால் கோனோ வீடர் ஓட்டலாம். நிமிர்ந்து நின்றே வேலை நடக்கும். தள்ளுகிறவரின் உயரத்துக்கு ஏற்றபடி கைப்பிடியை மாற்றிக் கொடுங்கள். மேட்டுப் பயிருக்கும் காய்கறிக்கும் நீளப் பிடி களைவெட்டி போதும். ஆசாரியிடம் சொன்னால் ஒரு நாளில் பிடி போட்டுத் தருவார்.

கையால்தான் எடுக்க வேண்டிய இடத்தில் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நடந்து, களைக்கட்டு தூக்குகிற வேலையை மாற்றிக்கொள்ளலாம். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிட்டால் யாரும் நிமிர மாட்டார்கள். நாள் கூலியே நல்லது.

ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்தை வாளி வாளியாகச் சுமக்காமல், டிரம்மைத் தாய் வாய்க்கால் தலைப்பில் வைத்துக் குழாய் திறந்து பாசனத் தண்ணீரோடு விடுங்கள். நெல்லைச் சின்ன மூட்டையாகக் கட்டுங்கள், பெரிய மூட்டை என்றால் ரெண்டு பேர் தூக்குங்கள்.

எழுந்தவுடன் குனியாதீர்கள். படுத்திருக்கும்போது முதுகுத் தட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும். காலையில் குனிவதைத் தவிர்த்த வலிக்காரர்களுக்கு நோவு குறைந்ததாக 1998ல் ஓர் ஆய்வு வந்தது. முதல் ஒரு மணி நேரம் மாட்டைப் பாருங்கள், கழனியைச் சுற்றி நடங்கள். அப்புறம் களைக்கு இறங்குங்கள்.

நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவரை முதலில் தூங்க விடுங்கள். மடையை வீட்டில் இன்னொருவர் திருப்பட்டும்.

அடுத்த போகத்துக்குச் செலவு எழுதும்போது களைக்கருவி ஒன்று, நீளப் பிடி நாலு, டிரம் குழாய் ஒன்று என்று ஒரு வரி சேருங்கள். களை எடுக்க வருகிற அக்காமார்களிடம் "எந்த வேலையில இடுப்பு ரொம்ப நோவுது?" என்று ஒரு தடவை கேளுங்கள். எந்தக் கருவி முதலில் வாங்கணும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.