மார்க் மட்டும் போதாது! அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க பேராசிரியர் கடிதமும் வேணும்... யாரிடம், எப்போ, எப்படி கேட்பது?

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர நீட் மதிப்பெண், கலந்தாய்வு. அவ்வளவுதான். அமெரிக்காவில் கதையே வேற. பொதுவாக நான்கு ஆண்டு பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. நுழைவுத்தேர்வான எம்கேட்டில் அதிகபட்ச மதிப்பெண் 528. அதை நெருங்கினாலும், பரிந்துரைக் கடிதங்கள் வராவிட்டால் பெரும்பாலான கல்லூரிகளில் விண்ணப்பம் முழுமை பெறாது.

மார்க்கை மட்டுமே பார்த்துப் பழகிய நம்ம ஊர் பெற்றோருக்கு இது புதுசு. பிள்ளை அங்கே படிக்கிறாரா? இதைத் தெரிஞ்சுக்கோங்க.

எத்தனை கடிதம் தேவை?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனாலும் பல கல்லூரிகள் கேட்பது, அறிவியல் பேராசிரியர்கள் இருவர், வேறு துறைப் பேராசிரியர் ஒருவர். மாணவர் படித்த கல்லூரியில் இதற்கென தனிக் குழு இருந்தால், அந்தக் குழுவின் கடிதத்தையும் பல இடங்களில் ஏற்பார்கள். பொது விண்ணப்ப முறையான 'ஆம்காஸ்' வழியாக 10 கடிதங்கள் வரை அனுப்பலாம். அதுக்காக 10 பேரைத் தேடி அலைய வேண்டாம்!

யாரிடம் கேட்கணும்?

உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடம் நடத்தியவர்களிடம். கணிதப் பேராசிரியரை அறிவியல் கணக்கில் சேர்ப்பார்களா என்பதை அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

இங்கேதான் சிக்கல். பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வேதியியல் வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பாங்க. பேராசிரியருக்கு முகமே தெரியாது. அவர் "இந்த மாணவர் ஏ கிரேடு வாங்கினார்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கே! ஒரு சோதனை தப்பானபோது இந்த மாணவர் என்ன செய்தார், சக மாணவருக்கு எப்படி உதவினார் என்று எழுதுவதுதான் நல்ல கடிதம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

* பாடம் நடக்கும்போதே, மாணவர்களைச் சந்திக்க பேராசிரியர் ஒதுக்கும் 'ஆபீஸ் அவர்ஸ்' நேரத்தில் கேள்விகளோடு போங்க.
* மாணவர் எண்ணிக்கை குறைவான மேல்நிலைப் பாடங்களை எடுங்க. முடிந்தால் அவரது ஆய்வகத்தில் சேருங்க.
* ஆய்வகத்தில் வழிநடத்திய உதவியாளருக்கு உங்களை நன்றாகத் தெரியுமா? அவர் எழுத, பேராசிரியரும் சேர்ந்து கையெழுத்திடலாமா என்று கேட்டுப் பாருங்க.

எப்போ, எப்படி?

ஆம்காஸ் விண்ணப்பங்களை மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் சமர்ப்பிக்கத் தொடங்குவார்கள். எனவே பிப்ரவரி, மார்ச்சிலேயே கேட்பது நல்லது. "கடிதம் தருவீங்களா?" என்பதைவிட "என்னைப் பற்றி வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று கேளுங்க. அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்க. ஒப்புக்குத் தரும் கடிதத்தால் இழப்பு உங்களுக்குத்தான். சம்மதித்தால் பயோடேட்டா, மதிப்பெண் பட்டியல், கடைசித் தேதி எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடுங்க.

கடிதத்தை மாணவர் படிக்கலாமா?

1974-ஆம் ஆண்டின் கல்வித் தகவல் தனியுரிமைச் சட்டப்படி, சேர்ந்த கல்லூரியில் அதைப் பார்க்கக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் பெரும்பாலோர் அந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கிறார்கள். அப்போதுதான் பேராசிரியர் மனம்விட்டு எழுதினார் என்ற நம்பிக்கை வரும். கடிதமும் மாணவர் கைக்கு வராமல் நேரடியாகப் போய்விடும்.

கடிதம் தாமதமாகிறதா? பதற வேண்டாம். அது வந்து சேரும் முன்பே ஆம்காஸில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம், சரிபார்ப்பும் நிற்காது. ஆனால் கடிதம் வந்தால்தான் பல கல்லூரிகள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். அதனால் பேராசிரியருக்குப் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்ப மறக்காதீங்க!