எல்லாரும் எழுதும் கலைக்களஞ்சியம்

தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டது. பெ. தூரன் அவர்கள் அதன் முதன்மை ஆசிரியர். அந்தந்தத் துறையின் வல்லுநர்கள் கட்டுரைகளை எழுதினர். ஆசிரியர் குழு அவற்றைச் சீர்செய்தது. அதன் பின்னரே அவை அச்சேறின. அச்சேறிய செய்தி பின்னர் பழையதாகிப் போனால், அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இணையத்தில் உள்ள விக்கிப்பீடியா இதற்கு நேர்மாறான முறையில் வளர்வது. 2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் இது தொடங்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தோன்றியது. 2017-இல் அதன் கட்டுரைகள் ஒரு லட்சத்தை எட்டின. ‘விக்கி’ என்பது ஹவாய் மொழிச் சொல். ‘விரைவு’ என்பது அதன் பொருள். கட்டுரையின் மேலுள்ள ‘தொகு’ என்பதை அழுத்தினால், படிப்பவரே எழுதுபவராகிவிடலாம். பட்டம் வேண்டாம்; பதவியும் வேண்டாம்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் பிழைகள் மலிந்துவிடாவா? இந்த ஐயம் நியாயமானதே. 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்க இதழாளரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையோடு அவரைத் தொடர்புபடுத்தும் பொய்ச் செய்தி ஒன்றை ஒருவர் எழுதி வைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அது அப்படியே இருந்தது. பிழையைப் புகுத்த ஒரு நிமிடம் போதும். நீக்கவும் ஒரு நிமிடம் போதும். ஆனால் நீக்குவதற்கு, அது விவரம் அறிந்த ஒருவர் கண்ணில் பட வேண்டும், அவர் “இதற்குச் சான்று எங்கே?” என்று கேட்கவும் வேண்டும். புதிதாக எழுத வருபவர் முதலில் கற்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான்.

ஒரு வாக்கியத்தைத் திருத்துவோம்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கிலோகிராம் பற்றிய ஒரு கட்டுரையில், “பாரிசுக்கு அருகில் உள்ள பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறையே ஒரு கிலோகிராம் ஆகும்” என்று இருப்பதாகக் கொள்வோம். 1889 முதல் வழக்கில் இருந்த வரையறை இது. 2018 நவம்பரில் வெர்சேயில் கூடிய பன்னாட்டு மாநாடு இதனை மாற்றியது. 2019 மே 20 முதல், பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல்-நொடி என்று நிலைநிறுத்தப்பட்டு, அதிலிருந்தே கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. ஆகவே அந்த வாக்கியம் திருத்தப்பட வேண்டியது. எப்படித் திருத்துவது?

முதலாவது, கட்டுரையின் ‘வரலாறு’ பக்கத்தைப் பாருங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அங்கே முழுமையாகப் பதிவாகியிருக்கும். உரையாடல் பக்கத்தையும் படியுங்கள். உங்கள் கேள்விக்கு முன்பே அங்கு விடை கிடைத்திருக்கலாம்.

இரண்டாவது, தேவையான அளவே மாற்றுங்கள். பழைய வரையறையை அடியோடு அழித்துவிட வேண்டாம். நூற்று முப்பது ஆண்டுகள் உலகம் அதைக்கொண்டுதான் அளந்தது. ‘ஆகும்’ என்பதை ‘ஆக இருந்தது’ என்று மாற்றி, அடுத்த வாக்கியத்தில் புதிய வரையறையைத் தாருங்கள்.

மூன்றாவது, சான்று காட்டுங்கள். “எங்கள் ஆசிரியர் சொன்னார்” என்பது சான்றாகாது. பன்னாட்டு எடைகள், அளவுகள் நிறுவனத்தின் வெளியீடோ, 2019-க்குப் பின் வந்த நல்ல பாடநூலோ சான்றாகும். படிப்பவர் தாமே தேடிப் பார்த்துச் சரிபார்க்கும்படி நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள்.

நான்காவது, சேமிக்கும் முன் முன்தோற்றத்தைப் பாருங்கள். எதை, ஏன் மாற்றினீர்கள் என்பதைச் சுருக்கக் கட்டத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். கை பழகும்வரை ‘மணல்தொட்டி’ என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

கல்லும் தராசும்

சான்று தேடுவதில் ஒரு பொறி உண்டு. கலைக்களஞ்சியத்தில் உள்ள பிழையை ஒரு செய்தித்தாள் எடுத்து எழுதிவிடுகிறது. பிறகு வேறொருவர் அந்தச் செய்தித்தாளையே சான்றாகக் காட்டுகிறார். பிழைக்கு இப்போது ஆதாரமும் கிடைத்துவிட்டது! ஒரு தராசில் நிறுத்துச் செய்த எடைக்கல்லைக் கொண்டே அந்தத் தராசைச் சோதிப்பது போன்றது இது. தராசு எவ்வளவு கோணலாக இருந்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். ஆகவே நீங்கள் காட்டும் சான்று விக்கிப்பீடியாவிலிருந்தே புறப்பட்டதன்று என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வேறு சில விதிகளும் உள்ளன. சொந்தக் கண்டுபிடிப்புகளுக்கு இங்கே இடமில்லை. வேறிடத்தில் வெளியாகி ஏற்கப்பட்ட செய்திகளுக்கே இடம். நீங்கள் படித்த கல்லூரியையோ உங்கள் உறவினரையோ பற்றி நீங்களே எழுதினால் நடுநிலை தவறக்கூடும். அதைத் தவிர்ப்பது நல்லது. பாடநூலின் பத்தியை அப்படியே படியெடுத்தல் கூடாது. செய்தி அனைவருக்கும் பொது. அதைச் சொன்ன சொற்கள் ஆசிரியருக்கு உரியவை.

இயந்திரம் மொழிபெயர்த்துத் தரும் தமிழை அப்படியே ஒட்டுவதும் தீங்கானது. ‘பவர்’ என்னும் ஆங்கிலச் சொல் இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு, ஆட்சியியலில் அதிகாரம். மின்விளக்கின் அதிகாரம் 60 வாட் என்று ஒரு கட்டுரை சொல்லுமானால், அதைப் படிக்கும் மாணவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் திருத்தத்தை வேறொருவர் நீக்கிவிடக்கூடும். சினம் கொண்டு அதையே மீண்டும் மீண்டும் இடுவதால் பயனில்லை. நீக்கியவர் சொன்ன காரணத்தை ‘வரலாறு’ பக்கத்தில் பார்த்து, உரையாடல் பக்கத்தில் உங்கள் சான்றை எடுத்துரையுங்கள். பொதுவான ஐயங்களைக் கேட்க ‘ஆலமரத்தடி’ என்றொரு பக்கம் உண்டு. பெயருக்கேற்ப அங்கே பழகியவர்கள் கூடிப் பேசுவார்கள்; புதியவருக்கு வழியும் சொல்வார்கள்.

ஆங்கிலக் கட்டுரையில் ஒரு பிழை இருந்தால் அதைப் பிடிக்கப் பல கண்கள் உண்டு. தமிழில் அத்தனை கண்கள் இல்லை. தமிழ் வழியில் பயிலும் ஒரு மாணவி கையிலுள்ள தொலைபேசியில் ‘கிலோகிராம்’ என்று தேடும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் வேறு நூல் இல்லாமலும் இருக்கலாம். அங்கே உள்ளதை அவள் தேர்வில் எழுதுவாள். பின்னாளில் ஆசிரியையானால் அதையே கற்பிப்பாள். எனவே பெரிய கட்டுரை எழுதித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு நன்கு தெரிந்த பொருளில் ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். உரிய நூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சரிபாருங்கள். தவறாக இருந்தால் திருத்துங்கள். சரியாக இருந்து சான்று மட்டும் இல்லையென்றால், அந்தச் சான்றைச் சேருங்கள்.