உயில் எழுதி வைத்தீர்களா?

ஆரியசாலையிலும் அதனை அடுத்த சாலைக் கடைத்தெருவிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிக்கனத்திற்குப் பெயர் பெற்றவை. பலசரக்குக் கடையில் கணக்கெழுதுபவரும், நகை வேலை செய்பவரும், சர்க்கார் உத்தியோகஸ்தரும் சிறுகச் சிறுகச் சேர்த்து, மூன்று சென்ட் நிலமாவது வாங்கி, அதன்மேல் ஒரு வீட்டை எழுப்பிவிடுகின்றனர். பிள்ளைகளின் படிப்புச் செலவும் இன்ஷ்யூரன்சுத் தவணையும் தவறாமல் நடைபெறுகின்றன. ஆனால், "உமக்குப் பின் இவ்வீடு யாருக்கு?" என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. விளக்கு வைத்த வீட்டில் இது என்ன பேச்சு என்று தாய்மார் கடிந்துகொள்கின்றனர். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்பாரும் உளர். அவ்வாறாயின் இன்ஷ்யூரன்சு செய்துகொண்டவர் ஒருவரும் முதுமை எய்தியிருக்க முடியாது!

இதனை எழுதும் நாம் வழக்கறிஞர் அல்லோம். பத்தாம் வகுப்பு வரை படித்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கிறோம். பணியில் இருக்கும்போதே காலமானவர்களின் தாள்கள் நம் மேஜை வழியாகச் செல்வதுண்டு. மணமாகாத காலத்தில் தாயாரின் பெயரை எழுதிக் கொடுத்த நியமனப் பாரம் இருபது ஆண்டு கழிந்தும் அப்படியே கிடக்கும். குடும்ப விவரத்தில் இளைய மகளின் பெயரே இராது. நம்மவருக்கே உரிய துன்பம் மற்றொன்றுண்டு. பள்ளிச் சான்றிதழில் மலையாள உச்சரிப்புப்படி ஒரு பெயரும், ஆதாரில் வேறோர் எழுத்துக்கூட்டும், ஊர் நிலத்தின் பத்திரத்தில் தந்தையின் தலையெழுத்தோடு மூன்றாவது பெயருமாக ஒரே மனிதர் மூவராகிவிடுகின்றார். அவர் இருக்கும்போது ஒரு நாளில் திருத்தக்கூடிய இப்பிழையைப் பின்னால் திருத்த அவருடைய மனைவி எத்தனை படிகள் ஏறவேண்டியிருக்கிறது என்பதைக் கண்டவர்க்கே தெரியும்.

நியமனதாரர், அதாவது 'நாமினி' என்று எழுதப்பட்டவருக்கே பணமெல்லாம் சொந்தம் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். இதனால் வந்த வழக்கு ஒன்றைக் கேளுங்கள். 1967-ஆம் ஆண்டில் வட நாட்டில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தார். பதினாயிரம் ரூபாய் வீதம் இரண்டு இன்ஷ்யூரன்சுப் பாலிசிகள் இருந்தன; இரண்டிலும் மனைவி உஷா தேவியே நியமனதாரர். தொகை முழுவதும் தமக்கே என்றார் அவர். இறந்தவரின் தாயார் சர்பதி தேவியும், உஷா தேவியின் மகனுமே எதிர்வழக்காடினர். உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் தீர்ப்புக் கூறியது: நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, பணம் வாரிசுகளுக்கு உரியது. பாங்கு வைப்புத் தொகைக்கும் இதுவே விதி என்று 2010-லும், கம்பெனிப் பங்குகளுக்கும் இதுவே என்று 2023-லும் அந்நீதிமன்றம் கூறியிருக்கிறது. இன்ஷ்யூரன்சில் மட்டும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெற்றோர், மனைவி அல்லது கணவன், மக்கள் ஆகியோரை நியமித்தால் பணம் அவர்களுக்கே சொந்தமாகும்.

குடும்ப ஓய்வூதியத்தின் வழி வேறு. அது உயிலுக்கும் கட்டுப்பட்டதன்று. காலஞ்சென்ற ரயில்வே ஊழியர் ஒருவர் தம் சகோதரருக்கு உயில் எழுதி வைத்திருந்த வழக்கில், அவ்வோய்வூதியம் இறந்தவரின் ஆஸ்தியே அன்று, விதிகளில் கண்ட குடும்பத்தினருக்கே உரியது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி வீட்டின் கதைக்கு வருவோம். 1956 ஜூன் 17 முதல் அமலில் உள்ள இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் ஆணின் சுய சம்பாத்தியம் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு தாய்க்கும் சமமாகச் சேரும். மனைவி, இரண்டு பிள்ளைகள், விதவைத் தாயார் என்றால் நான்கு பங்கு. நம் பெரியோர் கணக்கிட்ட வழக்கப்படி வீட்டைப் பதினாறு வீசமாகக் கொள்வோம். ஆளுக்கு நான்கு வீசம். சில ஆண்டுகளில் தாயாரும் உயிலின்றிக் காலமாகிறார். அவருக்கு இன்னும் மூன்று மக்கள் இருக்கின்றனர். அப்போது அவருடைய நான்கு வீசத்தில் ஒரு வீசம் மட்டுமே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வரும். மூன்று வீசம் கொழுந்தன்மார்க்கும் நாத்தனார்க்கும் போய்ச் சேரும். கணவன் கடன்பட்டுக் கட்டிய வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டுமானால் அவர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் துபாயில் இருக்கலாம். ஒருவர் பேச்சு வார்த்தை இல்லாதிருக்கலாம். பிள்ளைகள் மைனராயின், அவர்களுடைய பங்கை நீதிமன்ற அனுமதியின்றித் தாயும் விற்க இயலாது. இதில் எவரும் தீயவர் அல்லர். சட்டம் தன் வழியே பங்கிட்டது. வீட்டுக்குரியவர் தம் விருப்பத்தைச் சொல்லாமற் போனார், அவ்வளவே.

இவ்வாறு சொல்வதால் தாயாரைக் கைவிடுமாறு கூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். தாயாருக்கு அவ்வீட்டில் ஆயுள் முழுவதும் வசிக்கும் உரிமையும், மாதந்தோறும் ஒரு தொகையும் உயிலிலேயே எழுதி வைக்கலாம். சட்டம் தரும் நான்கு வீசத்தைக் காட்டிலும் அதுவே அம்முதியவளுக்கு அதிகப் பயன் தரும்.

வேளிமலைக் குமாரசுவாமி நவராத்திரி தோறும் எல்லை கடந்து வந்து நம் ஆரியசாலைக் கோயிலில் தங்கித் திரும்புகிறார். அவரைப் போலவே நம்மவர் பலருக்கும் ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக இருக்கிறது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. பாட்டனாரின் வயல் அங்கே நின்றுவிட்டது. பேரனின் வீடு இங்கே எழுந்தது. நிலம் எம்மாநிலத்தில் உள்ளதோ அம்மாநிலத்தின் சட்டமும் அதற்குப் பொருந்தும். கேரளத்தில் 1976 டிசம்பர் முதல் தேதியோடு கூட்டுக் குடும்ப முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ பூர்விகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை இன்றும் உண்டு. 1989 மார்ச் 25-ல் மணமாகாதிருந்த பெண்களுக்கும் அவ்வுரிமையை அங்குள்ள சட்டம் அளித்தது. 2005-ஆம் ஆண்டு மத்திய சட்டம் மணமான பெண்களுக்கும் அளித்தது. கேரளத்துப் பெண்களின் பூர்விகச் சொத்துரிமை பற்றி 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றமும் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. ஆகவே பாட்டனார் சொத்தைப் பற்றி எழுதுமுன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது அவசியம். "பெண்ணுக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்ற வார்த்தை கூடத்தில் செல்லுமேயன்றிக் கோர்ட்டில் செல்லாது.

இப்போது தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஆசிரியைகளும் நர்சுகளும் பாங்கு ஊழியைகளும் பலர் உளர். தாம் சம்பாதித்தது தம் பிறந்த வீட்டுக்கும் எட்டும் என்று அவர்கள் நம்புகின்றனர். நாராயணி தேவி என்ற பெண்மணியின் வரலாற்றை அவர்கள் அறியவேண்டும். 1955-ல் மணம் முடித்த மூன்றே மாதத்தில் அவர் விதவையானார். புகுந்த வீட்டார் துரத்திவிட்டனர். பெற்றோர் வைத்துப் படிக்க வைத்தனர். உத்தியோகம் பார்த்துப் பணம் சேர்த்தார். 1996-ல் பிள்ளையின்றி, உயிலின்றி இறந்தார். அவருடைய பாங்குப் பணமும் பிராவிடண்டு பண்டும் யாருக்கு? பெற்ற தாய்க்கு அன்று. கணவனின் உறவினருக்கே என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. பரிதாபம் வேறு, சட்டம் வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். கணவனும் மக்களும் இல்லாத இந்துப் பெண்ணின் சுய சம்பாத்தியம் முதலில் கணவனின் வாரிசுகளுக்கும், அதன் பின்னரே பெற்றோருக்கும் செல்லும் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பெண்களை, சிறப்பாக இந்துப் பெண்களை, உயில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொண்டது. நீதிபதிகளே இவ்வாறு கேட்கும் நிலை வந்தபின் நாம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஆண்களின் உயிலைவிடப் பெண்களின் உயிலே அதிக அவசரமானது என்பது நம் கருத்து.

நம் சங்கத்துக் கிறிஸ்தவ அன்பர்களுக்கு நிலைமை வேறு. திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுதான். கோட்டயத்து மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்று கூறிய பின், மகனும் மகளும் சமமாயினர். முஸ்லிம் அன்பர்கள் பொதுவாக மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல், மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி, உயிலால் கொடுக்க இயலாது.

உயில் எழுதுவது பெருங்காரியமன்று. முத்திரைத் தாள் வேண்டுவதில்லை. வெள்ளைத் தாள் போதும். பதினெட்டு வயது நிரம்பி, புத்தித் தெளிவோடு இருக்கவேண்டும். சொத்தின் சர்வே எண்ணையும், பாங்குக் கணக்கையும், யாருக்கு எது என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி எழுதி, பக்கம் தோறும் கையெழுத்திட்டுத் தேதி இடுக. இரண்டு சாட்சிகள் வேண்டும். நீர் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்து, உம் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திடவேண்டும். சொத்துப் பெறுபவரையே சாட்சியாக்குவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். உம்மினும் மூத்த நண்பரைச் சாட்சி வைத்தால், பின்னர் கோர்ட்டில் சொல்ல அவர் இருப்பாரா என்பதையும் எண்ணிப் பாரும். முதுமையில் எழுதுவோர் தமக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைச் சாட்சியாகக் கொள்வது நன்று. மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே நிலைக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே ஆதாரம் எழுதுவோர் மலையாளத்தில் எழுதித் தருவர். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர் அதன் அடியில் கையெழுத்திட்டால், அவர் இன்னதென்று அறிந்துதான் கையெழுத்திட்டாரா என்ற கேள்வியை எதிரி வக்கீல் முதலில் எழுப்புவார். உயில் எம்மொழியிலும் இருக்கலாம். உமக்குத் தெரிந்த தமிழிலேயே எழுதலாம். மலையாளத்தில் எழுதினால், முழுவதும் தமிழில் படித்து விளக்கக் கேட்டு ஒப்புக்கொண்டதாக அதிலேயே ஒரு வரி சேர்த்தல் வேண்டும்.

உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரையும் அதில் குறிப்பிடவேண்டும். இதற்கு ஆள் தேடுவதே கடினமான பகுதி. வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794 மார்ச் மாதத்தில் கும்பகோணத்தில் உயில் எழுதி, சில நாளில் திருவையாற்றில் உயிர் நீத்தார். தர்மத்துக்கென்று அவர் விட்ட பெருஞ்செல்வம் உரியவர் கையில் உரியபடி நடவாமல், வழக்கில் பல பத்தாண்டுகள் உழன்றது. அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்றபின், 1842-ல் தான் அவர் பெயரால் சென்னையில் பள்ளி திறந்தது. இடையில் கழிந்தது நாற்பத்தெட்டு ஆண்டு! அத்துணைப் பெரிய மனிதருக்கே அவ்வாறு எனில், நம் மூன்று சென்ட் வீட்டுக்கு நாணயமும் பொறுமையும் உள்ள ஒருவரைத் தேடுவது வீண் வேலையாகாது. அவரிடம் முன்னதாகச் சொல்லிச் சம்மதமும் பெறவேண்டும்.

நியமனப் பாரங்களையும் இக்கையோடு சரிபார்ப்பது நலம். 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து பாங்கு வைப்புக்கு நான்கு பேர் வரை நியமித்து, யாருக்கு எத்தனை சதவிகிதம் என்றும் குறிக்கலாம். பாரமும் உயிலும் ஒன்றுக்கொன்று முரண்படாதிருக்கட்டும். இரு மாநிலத்துச் சொத்துக்கும் ஒரே உயில் போதுமானது. ஆயினும் பின்னர் இங்கே போக்குவரவும், அங்கே பட்டா மாறுதலும் தனித்தனியே செய்துகொள்ளவேண்டும்.

பதிவு செய்வது கட்டாயமன்று. செய்தால் காணாமற் போன அசலுக்கு நகல் கிடைக்கும். வீட்டில் ஒருவரும் இப்போது அறியலாகாது என்று கருதுவோர், உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கச் சட்டத்தில் இடமுண்டு. எழுதியவர் உயிரோடுள்ளவரை அவரே திரும்பப் பெறலாம். அவருக்குப் பின் மனுச் செய்தவர் முன்னிலையில் உறை பிரிக்கப்படும். ஆனால் அவ்வாறு ஒப்படைத்த செய்தியை மட்டுமாவது மனைவியிடம் சொல்லி வையுங்கள்.