மாத்திரையோடு என்ன குடிக்கிறீர்கள்?

ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும்? கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். தம்ளரில் மது இருக்கிறதா இல்லையா என்று பங்கேற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. அதற்காக எல்லோருக்கும் கிரேப்ஃப்ரூட் சாறு கொடுத்தார்கள். மது குடித்தவர், குடிக்காதவர் இரு தரப்பிலுமே ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. 1989-இல் வெளியான இந்த ஆய்வைத் தொடர்ந்து தேடியபோது, காரணம் சுவையை மறைக்கச் சேர்த்த சாறுதான் என்று தெரிந்தது.

விழுங்கும் மருந்து முழுவதும் ரத்தத்தில் சேர்வதில்லை. குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி, பல மருந்துகளில் ஒரு பங்கை வழியிலேயே சிதைத்துவிடுகிறது. ஃபெலோடிபினில் சுமார் 15 சதவீதம்தான் ரத்தத்தை எட்டும். இந்தச் சேதாரத்தையும் கணக்கிட்டே மாத்திரையின் அளவை முடிவுசெய்கிறார்கள். கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் குடல் சுவரிலுள்ள நொதியை முடக்கிவிடுவதால், கணக்கு தப்பிப்போகிறது. உடல் புதிய நொதியை உண்டாக்க ஓரிரு நாளுக்கு மேலும் ஆகலாம். எனவே காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று இடைவெளி விட்டாலும் பயனில்லை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடினுக்கும் இதே சிக்கல் உண்டு. நம்மூர் பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டுக்கு நெருங்கிய உறவு; அதிலும் இந்த வேதிப்பொருள்கள் இருக்கின்றன.

நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதற்கு நேர்மாறானது: மருந்து உள்ளே போகாமலே வீணாவது. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பாலோடு விழுங்கினால், பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கூட்டுப்பொருளைக் குடலால் சரிவர உறிஞ்ச முடியாது. ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு சாப்பிட்டாலும் இதே கதைதான். அங்கே குறுக்கே நிற்பவை தேயிலையின் பாலிபீனால்கள். அதே இரும்புச்சத்தை எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி உறிஞ்சலுக்குக் கைகொடுக்கும். ஆனால் பழச்சாறு எல்லா மருந்துக்கும் நண்பன் அல்ல. ஒவ்வாமைக்கான ஃபெக்சோஃபெனடின், ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகளோடு போனால் குறைவாகவே உடலில் சேரும்.

தைராய்டு மாத்திரை இன்னும் நுட்பமானது. லெவோதைராக்சினை மைக்ரோகிராம் கணக்கில்தான் தருகிறார்கள். சிறு இழப்பும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காபி அதன் உறிஞ்சலைக் குறைக்கும். அதனால்தான் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்கச் சொல்கிறார்கள். எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட்டுக்கும் வெறும் தண்ணீர்தான். அதன் உறிஞ்சலைக் காபியும் ஆரஞ்சுச் சாறும் ஏறக்குறைய 60 சதவீதம் குறைத்துவிடும்.

மருத்துவர் வேறு சொல்லாதவரை, மாத்திரைக்கு ஏற்ற துணை ஒரு தம்ளர் தண்ணீரே. ஆனால், வருடக்கணக்காகக் காபியோடு தைராய்டு மாத்திரை விழுங்கியவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தண்ணீருக்கு மாறிவிட வேண்டாம். அவருடைய மருந்தளவே அந்தக் காபிப் பழக்கத்தோடு சேர்த்துத்தான் அமைந்திருக்கும். திடீரென்று மாறினால் மருந்து கூடுதலாக உடலில் ஏறலாம். முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்துச் சீட்டை நீட்டும்போது, எதைக் குடித்து விழுங்குகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.