மூன்று முறை ஜெயித்த பிறகுதான் கதவு திறந்தது, தெரியுமா?

நிஜமாகவே ஒரு ஜேம்ஸ் பாண்ட் இருந்தார், தெரியுமா? துப்பாக்கியும் காரும் கிடையாது. கல்லூரிக் கட்டணம் கட்டப் பணமில்லாமல், ஒரு காளையைக் கயிற்றில் கட்டி ஓட்டிக்கொண்டு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தை நடந்தே கடந்து பெரேயா கல்லூரி வாசலில் போய் நின்ற பையன் அவர்! 1863-இல் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். அந்தத் தாயோ, ஒரு வெள்ளைக்கார மணப்பெண்ணுக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கப்பட்டவள். வீட்டு எஜமானனே பையனுக்குத் தகப்பன். சரியாகப் படிக்கக்கூடத் தெரியாத அந்தப் பையனைக் கல்லூரி சேர்த்துக்கொண்டது, பட்டமும் வாங்கினார். அவருடைய மகன் ஹொரேஸ் மான் பாண்ட், பென்சில்வேனியாவில் உள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். பேரன்தான் ஜூலியன் பாண்ட், ஜார்ஜியா சட்டமன்றத்தையே ஆட்டிவைத்தவர்.

1940-இல் பிறந்த இந்தப் பேரன், ஆறு வயதில் ஐன்ஸ்டீனைச் சந்தித்திருக்கிறார்! 1946-இல் லிங்கன் பல்கலைக்கழகத்துக்கு ஐன்ஸ்டீன் வந்தபோது நடந்தது அது. அப்புறம் அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரி. அங்கே மார்ட்டின் லூதர் கிங் தம் வாழ்நாளில் ஒரே ஒரு வகுப்புதான் எடுத்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய அந்த மாணவர்களில் பாண்டும் ஒருவர்.

1960 பிப்ரவரியில், கல்லூரிக்குப் பக்கத்து மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்த பாண்டிடம் லானி கிங் என்ற மாணவர் நாளிதழை நீட்டினார். கிரீன்ஸ்பரோ ஊரில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் மட்டும் சாப்பிடும் கவுண்டரில் உட்கார்ந்து எழ மறுத்த செய்தி. இங்கேயும் செய்தால் என்ன? மார்ச் 15 அன்று அட்லாண்டாவில் மாணவர்கள் ஒரே நேரத்தில் பல இடங்களில் போய் உட்கார்ந்தார்கள். பாண்ட் தலைமையில் போன குழுவுக்கு நகராட்சி அலுவலகச் சிற்றுண்டிச்சாலை. வெளியே பலகையில் பொதுமக்களை வரவேற்கிறோம் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த பெண், இது ஊழியர்களுக்கு மட்டும் என்றார். பலகையைக் காட்டினார் பாண்ட். அதெல்லாம் சும்மா எழுதி வைத்தது என்று பதில் வந்தது! கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்து அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போனது.

அடுத்த மாதமே நாடெங்கும் உள்ள மாணவர்கள் கூடி 'ஸ்னிக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காகத் தெற்கு மாநிலங்களின் குக்கிராமங்களில் போய் அடி வாங்கியவர்கள் இவர்கள்தான். படிப்பைப் பாதியில் விட்ட பாண்டுக்கு அங்கே செய்தித் தொடர்பு வேலை. மிசிசிப்பியில் யாரை அடித்தார்கள், எந்தத் தேவாலயத்தைக் கொளுத்தினார்கள் என்று தொலைபேசியில் தகவல் வரும்; தட்டச்சு செய்து பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டும். 1964 கோடையில் வடக்கிலிருந்து வந்த தன்னார்வ மாணவர்களைப் பற்றி அவரவர் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கே செய்தி போனது. நம்ம ஊர்ப் பையன் என்றால் பத்திரிகைக்காரர் போடாமல் விடுவாரா? மிசிசிப்பியின் கொடுமை எங்கெங்கோ இருந்த வீடுகளின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இனிமேல்தான் பெரிய ஆச்சரியம்! நீதிமன்றத் தீர்ப்புகளால் தொகுதிகள் மாற்றி வரையப்பட, 1965-இல் அட்லாண்டாவில் ஜார்ஜியா சட்டமன்றத் தேர்தலில் நின்ற 25 வயது பாண்ட், வீடு வீடாகப் போய், உங்கள் பிரதிநிதி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி, மரண தண்டனை ஒழிப்பு என்றெல்லாம் வாக்குறுதி தந்தார். 82 சதவீத ஓட்டு விழுந்தது!

பதவிப் பிரமாணம் 1966 ஜனவரி 10. அதற்கு ஒரு வாரம் முன்பு, அலபாமாவின் டஸ்கீகியில் சாமி யங் என்ற 21 வயது மாணவர், பெட்ரோல் பங்கில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்தப் போனதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படையில் நாட்டுக்காக வேலை பார்த்து வந்தவர் அவர்! கொதித்துப்போன ஸ்னிக், வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை விட்டது. அதை எழுதியது பாண்ட் இல்லை. ஒரு நிருபர் தொலைபேசியில் கூப்பிட்டு, இதை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார். அவ்வளவுதான்! மற்ற உறுப்பினர்கள் பிரமாணம் எடுக்க எழுந்தபோது, சட்டமன்றச் செயலர் இவரை ஒதுங்கி நிற்கச் சொன்னார். அன்றைக்கே விசாரணை. பேட்டியின் ஒலிநாடாவை அவையில் போட்டுக் காட்டினார்கள். ராணுவ அழைப்பு அட்டையை எரிப்பவர்களின் துணிச்சலை மதிக்கிறேன், ஆனால் எரிக்கும்படி யாரையும் தூண்டியதில்லை, என் அட்டை என்னிடம்தான் இருக்கிறது என்று பாண்ட் நிதானமாகச் சொன்னார். 184-க்கு 12 என்ற கணக்கில் கதவைச் சாத்தினார்கள்.

பாண்ட் வழக்குப் போட்டார். கூடவே மனு போட்டவர் யார் தெரியுமா? மார்ட்டின் லூதர் கிங்! எங்கள் தொகுதிக்குப் பிரதிநிதி இல்லாமல் செய்துவிட்டீர்களே என்று, ஒரு வாக்காளராக. கீழமை நீதிமன்றத்தில் 2-க்கு 1 என்று தோல்வி. இதற்கிடையில் காலியான இடத்துக்கு பிப்ரவரியில் இடைத்தேர்தல் வைத்தார்கள். பாண்டே ஜெயித்தார், அப்போதும் உள்ளே விடவில்லை. நவம்பரில் மறுபடியும் தேர்தல், மறுபடியும் பாண்ட்! அந்தத் தொகுதி மக்களின் பிடிவாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது. டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: சாதாரணக் குடிமகனுக்குள்ள பேச்சுரிமை மக்கள் பிரதிநிதிக்கும் உண்டு, கருத்துக்காக அவரை வெளியே நிறுத்த முடியாது. 1967 ஜனவரியில் பாண்ட் உள்ளே போனார். அதே வாரத்தில் அந்தச் சட்டமன்றம் யாரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? தன் உணவகத்துக்கு வந்த கறுப்பினத்தவரைத் துப்பாக்கி காட்டி விரட்டிய லெஸ்டர் மேடக்ஸை!

வெளியே நிறுத்தப்பட்ட நாட்களிலும் பாண்ட் சும்மா இருக்கவில்லை. வியட்நாம் போர் ஏன் நடக்கிறது என்று சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு காமிக்ஸ் புத்தகமே எழுதினார், 1967-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. துணை ஜனாதிபதி வேட்பாளராக அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அரசியல் சட்டப்படி 35 வயது ஆகியிருக்க வேண்டும், இவருக்கோ 28! நன்றி சொல்லி விலகிக்கொண்டார்.

1975-இல் மாநில மேலவைக்குப் போனார். 1977-இல், பதவியில் இருக்கும்போதே 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள ஒரு நாடாளுமன்றத் தொகுதி வேண்டும் என்று போராடியவர்களில் முன்னே நின்றவர் பாண்ட். தொகுதி கிடைத்தது. 1986-இல் அதில் போட்டியிட்டார். எதிரே நின்றவர் ஸ்னிக் நாட்களின் உயிர்த்தோழர் ஜான் லூயிஸ். கட்சிக்குள் நடந்த அந்தத் தேர்தலில் லூயிஸ் மயிரிழையில் ஜெயித்து, 2020-இல் இறக்கும்வரை அந்த இடத்தில் இருந்தார். கசப்பான போட்டிதான், படிக்கும்போது மனசு வலிக்கிறது.

அதோடு ஓய்ந்தாரா என்ன? பேராசிரியரானார். 1987-இல் வந்த 'ஐஸ் ஆன் த பிரைஸ்' ஆவணத் தொடரில் கேட்கும் குரல் அவருடையதுதான். 1998 முதல் 2010 வரை, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் தலைவர். தன்பால் ஈர்ப்பாளர் உரிமைக்காக, சொந்த இயக்கத்தில் பலர் முகம் சுளித்தபோதும் உரக்கப் பேசினார். 2013-இல், 73 வயதில், கச்சா எண்ணெய்க் குழாய்த் திட்டத்தை எதிர்த்து வெள்ளை மாளிகை முன் நின்று மறுபடி கைதானார்!

பாண்ட் 2015-இல் காலமானார். அவர் பெயரில் உள்ள தீர்ப்பு இன்னும் வேலை செய்கிறது. 2023 ஏப்ரலில் டென்னசி சட்டமன்றம், துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு அவைக்குள் குரல் எழுப்பிய ஜஸ்டின் ஜோன்ஸ், ஜஸ்டின் பியர்சன் என்ற இரண்டு இளம் கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்றியது. உடனே எல்லோர் பேச்சிலும் பாண்ட் வழக்குதான். ஒரே வாரத்துக்குள் உள்ளூர் மன்றங்கள் இருவரையும் சட்டமன்றத்துக்கே திருப்பி அனுப்பின. ஆகஸ்டில் நடந்த தேர்தலில் இருவருமே ஜெயித்தார்கள்!