லெஃப்ட்டா... ரைட்டா... யாரைக் கேட்பது?

ஒரு காலத்தில் வழி சொல்ல ஊருக்கு ஊர் டீக்கடை இருந்தது. கார் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, வால்பாறைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால் போதும். கடையில் இருக்கும் நாலு பேரும் நாலு வழி சொல்வார்கள். அதில் ஒன்று நிச்சயம் சரியாக இருக்கும். எது என்பது மட்டும் போன பிறகுதான் தெரியும்!

இப்போது அந்த வேலையை ஒரு பெண் குரல் பார்க்கிறது. "இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்." நாம் திரும்பாமல் நேரே போனாலும் கோபிக்காது. சத்தம் போடாமல் வேறு வழி கண்டுபிடித்துச் சொல்லும். இத்தனை பொறுமை வேறு எங்கே கிடைக்கும்?

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கும் நண்பர் ஒருவர் சமீபத்தில் செகண்ட் ஹாண்ட் கார் வாங்கினார். சாவி கைக்கு வந்ததும் முதல் சந்தேகம்:

"கண்ணாடியில ஒட்டி வைக்கிற ஜி.பி.எஸ். பெட்டி ஒண்ணு தனியா வாங்கலாமா குரு? இல்லே, போனே போதுமா?"

"ஏன், உன் போன்லயே ஜி.பி.எஸ். இருக்குமே?"

"இருக்கு. மலை மேல டவர் கிடைக்காதே!"

பலருக்கும் உள்ள குழப்பம்தான் இது. டவர் வேறு, ஜி.பி.எஸ். வேறு. சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் அமெரிக்க சாட்டிலைட்டுகள் சுற்றிக்கொண்டே சிக்னல் அனுப்புகின்றன. நாலு சாட்டிலைட்டின் சிக்னல் கிடைத்தால், அவை வந்து சேர்ந்த நேரத்தை வைத்து நாம் நிற்கும் இடத்தைப் போனே கணக்குப் போட்டுவிடும். ரேடியோ கேட்கிற மாதிரிதான். காசு கிடையாது, சிம் கார்டும் வேண்டாம். டவர் இல்லாவிட்டால் முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

பொதுஜனங்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. அதன் பிறகு காருக்கான பெட்டிகள் சக்கைப் போடு போட்டன. 2009-இல் கூகுள் தன் போன் மேப்பில் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியை அமெரிக்காவில் அறிவித்தது. அதுவும் இலவசமாக! பெட்டி தயாரிக்கும் கார்மின், டாம்டாம் கம்பெனிகளின் ஷேர்கள் அன்றைக்கே சரிந்தன.

ஆக, டவர் போனால் நின்றுபோவது ஜி.பி.எஸ். அல்ல, மேப். போனுக்கு மேப் இன்டர்நெட் வழியாகத் துண்டு துண்டாக வருகிறது. பெட்டியில் மொத்த மேப்பும் உள்ளேயே இருக்கிறது. இதற்கு மருந்து சுலபம். போகிற பகுதியின் மேப்பை முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து போனில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஆழியாரிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் நீலப் புள்ளி கூடவே வரும். டிராஃபிக் விவரம் மட்டும் வராது. அந்த ரோட்டில் டிராஃபிக் என்றால் வரையாடுதான். அது எந்த மேப்பிலும் வராது!

சரி, வரவு-செலவு பார்த்துவிடலாம்.

பெட்டியின் வரவுப் பக்கம்: காருக்காகவே செய்தது, வெயில் தாங்கும். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில்தான் உபயோகிக்கச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர் மே மாதத்தில் அது காலை டிபன் நேரத்து வெயில்! டாஷ்போர்டில் சூடேறினால் போனின் திரை மங்கும், சார்ஜ் ஏறுவதும் நிற்கலாம். லாரிக்கென்றே உள்ள பெட்டிகளில் வண்டியின் உயரம், எடையைக் கொடுத்தால் அதற்கேற்ற வழியாகப் பார்த்துச் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்கு மானேஜர் போன் பண்ண மாட்டார்.

செலவுப் பக்கம்: முதலில் விலை. அப்புறம் மேப்பை நாம்தான் ஞாபகமாக அப்டேட் செய்ய வேண்டும். இரண்டு வருஷம் சும்மா விட்டால், புது பைபாஸில் போகும்போது நீங்கள் வயலில் உழுவதாகக் காட்டும். எங்கே நெரிசல் என்பதும் அதற்குத் தானாகத் தெரியாது. போனுக்குத் தெரியும். ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும் மற்ற போன்களின் வேகமே அதற்குத் துப்பு. காலை ஒன்பது மணிக்குக் கத்திப்பாராவைத் தாண்ட வேண்டியவருக்கு இது சாதாரண விஷயமா?

என் தீர்ப்பு: மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிற ஆபீஸ்வாசிக்குப் போனே போதும். ஒரு நல்ல ஸ்டாண்டும் சார்ஜரும் வாங்குங்கள். காரிலேயே ஆண்ட்ராய்ட் ஆட்டோ, கார்ப்ளே திரை இருந்தால் ஸ்டாண்டும் வேண்டாம். நாள் முழுக்க ஸ்டியரிங்கே கதி என்று இருப்பவர்கள், லாரிக்காரர்கள் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்டாண்ட் அலங்காரத்துக்கு அல்ல. வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டுமே, அதுவும் கவனம் சிதறாமல் உபயோகிக்கலாம் என்கிறது 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த விதி. கையில் பிடித்துக்கொண்டு பேசினால், மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆவது பிரிவின்படி முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஜெயிலுக்கும் இடமுண்டு.

கடைசியாக, சிரிக்க முடியாத ஒரு விஷயம். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே, முழுமையாக இல்லாத ஒரு பாலத்திலிருந்து கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். வழிகாட்டியை நம்பி வந்திருக்கிறார்கள் என்றது போலீஸ். பாலத்தின் முன்பகுதியை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மேப்பில் பாலம் இருந்தது, ஆற்றின் மேல் இல்லை. அதே வருஷத் தொடக்கத்தில் நம் கூடலூரில், மேப் காட்டிய வழியில் வந்த கர்நாடகா கார் ஒன்று படிக்கட்டில் இறங்கி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் ஆபத்தில்லை.

போனோ, பெட்டியோ, நேற்று விழுந்த பாலம் இரண்டுக்குமே தெரியாது. இருட்டிலும் மழையிலும் ரோடு குறுகிக்கொண்டே போனால், எதிரே ஒரு வண்டிகூட வராவிட்டால், அந்தக் குரல் என்ன சொன்னாலும் நிறுத்துங்கள். இறங்கி யாரையாவது கேளுங்கள். தாமதமானால் வீட்டில் திட்டத்தான் செய்வார்கள். திட்டு வாங்க ஆள் போய்ச் சேர வேண்டாமா?

நண்பரிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பெட்டிக்குன்னு எடுத்து வெச்ச காசை என்ன பண்றது?" என்றார்.

காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன்.

"முதல்ல டயரை மாத்து. நாலும் மொட்டை!"